மங்களத்துக்கு அடுத்த பாட்டு

(இசை ரசிகர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த மேடைக்கு வருகிறவர்கள் வழக்கமாகப் பாட்டைப் பற்றிப் பேசுவார்கள். நான் பேசப்போவது ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கும் இடத்தைப் பற்றி. இரண்டு மூன்று விநாடிச் சமாசாரம். இதற்குப் போய் ஒரு சொற்பொழிவா என்று முன்வரிசையில் பெரியவர் ஒருவர் புன்னகை செய்கிறார். அவர் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியில் பாட்டு வரிசையைக் கலைத்துப்போடும் ஷஃபிள் பொத்தானை ஒருநாள் அழுத்திப் பார்த்தால், சொல்வதற்கு அவரிடமே நாலு கதை சேர்ந்துவிடும்.

கச்சேரி கேட்கிறவர்கள் நிறைந்த அவை என்பதால் மங்களத்திலிருந்தே தொடங்குகிறேன். கச்சேரிப் பதிவைக் கைப்பேசியில் ஏற்றினால் அது ஒரே துண்டாக இருப்பதில்லை. வர்ணம் தனி, ஆலாபனை தனி, கிருதி தனி, தனியாவர்த்தனம் தனி என்று பத்துப் பன்னிரண்டு துண்டுகளாக நறுக்கித்தான் தருகிறார்கள். ஷஃபிளைப் பொறுத்தவரை அவை பத்துப் பன்னிரண்டு பாட்டுகள், அவ்வளவே. வித்வான் தோடியை இழை இழையாகக் கட்டி எழுப்புகிறார்; வயலின்காரர் தம் பங்கை வாசித்து முடிக்கிறார்; இதோ கிருதி வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்காருகிறோம். வந்து விழுவது ஒரு குத்துப்பாட்டு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கச்சேரியைத் தொடங்கிவைக்கும் வர்ணத்துக்கு முன்னால், அதை முடித்துவைக்கும் மங்களம் வந்துவிடுவதுதான் வேடிக்கை. சௌராஷ்டிர ராகத்தில் மங்களம் ஒலித்த மறுகணம் நம்மை அறியாமல் கால் செருப்பைத் தேடுகிறது. குடையை எடுத்துக்கொண்டோமா, கடைசிப் பேருந்து கிடைக்குமா என்று மனசு வாசலுக்குப் போய்விடுகிறது. அந்த நேரம் பார்த்து ஆதிதாள வர்ணம் ஒன்று அப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல் சுறுசுறுப்பாகக் கிளம்புகிறது.

இந்த இடத்தில் உங்களில் பலர் சிரித்தீர்கள். என் பேச்சின் விஷயமே அந்தச் சிரிப்புதான். கச்சேரி பார்த்திராத ஒரு பத்து வயதுப் பையனுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அவனுக்கு ஒரு சின்னப் பாட்டு முடிந்தது, இன்னொரு பாட்டு ஆரம்பித்தது. திடுக்கிட வைத்த பெருமையை இயந்திரத்துக்குக் கொடுக்க முடியாது. அதற்கு மங்களமும் தெரியாது, வர்ணமும் தெரியாது. நம் காதுக்குள் ஏற்கெனவே ஒரு வரிசை குடியிருக்கிறது. அதன் மேல் இயந்திரம் தடுக்கி விழும்போதுதான் நமக்கு ஆச்சரியம். வரிசை பழகாதவருக்கு ஷஃபிள் வெறும் ஓட்டம். இதுதான் என் கட்சி. இனி அதற்கு வாதம்.

நம் காதில் குடியிருக்கும் வரிசைகள் ஒன்றிரண்டல்ல. கச்சேரி வரிசை அதில் தலையானது. இன்று நமக்குப் பழகிய வடிவத்தை நிலைபெறச் செய்தவர் என்று அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள் (1890–1967). முதலில் வர்ணம், அதைத் தொடர்ந்து விறுவிறுப்பான சில உருப்படிகள், நடுவில் கனமான ராகம், தனியாவர்த்தனம், அதன்பின் பதம், ஜாவளி, தில்லானா, திருப்புகழ் என்று துக்கடாக்கள், கடைசியில் மங்களம். இதற்குள் எழுதாத சட்டங்கள் வேறு. அடுத்தடுத்து இரண்டு உருப்படிகள் ஒரே தாளத்தில் வேண்டாம். சாயல் ஒத்த ராகங்களை அருகருகே வைக்க வேண்டாம். சுத்த மத்யமம் தொடர்ந்து ஒலித்தால் நடுவே பிரதி மத்யமம் ஒன்று வரட்டும். இவ்வளவையும் பாடகர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்து வைத்துக்கொண்டு மேடை ஏறுகிறார். ரசிகரிடமிருந்து சீட்டு வந்தால் அதையும் மாற்றிக்கொள்கிறார் என்பது வேறு கதை.

சபாவுக்குப் போகாதவர்களுக்கும் ஒரு வரிசை இருந்தது. சவுண்ட் சர்வீஸ்காரர் கோயில் வாசலிலோ கல்யாண வீட்டுப் பந்தலிலோ குழாய் கட்டி, 'ஹலோ, மைக் டெஸ்டிங்' சொல்லி முடித்தால், முதல் பாட்டு பிள்ளையார் பாட்டு. பெரும்பாலும் சீர்காழி கோவிந்தராஜன் குரல். அந்தக் குரல் கேட்டால் தெருவுக்கே தெரியும், விசேஷம் தொடங்கிவிட்டது என்று. இன்று கைப்பேசியில் இரவு பதினோரு மணிக்கு, இரண்டு காதல் பாட்டுகளுக்கு நடுவே அதே பாட்டு வருகிறபோது, எங்கோ பந்தல் போடுகிறார்கள் என்று தோன்றுகிறதே, அந்த ஒரு கணத்துக்குப் பின்னால் எத்தனை ஆண்டுப் பழக்கம் இருக்கிறது, பாருங்கள். எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம் 1963இல் இசைத்தட்டாக வந்தது. அதைக் கேட்டு எழுந்தே பழகிய தலைமுறை, நள்ளிரவுப் பேருந்தில் அது ஒலித்தால் பால்காரரைத் தேடும்.

எதிர் உதாரணமும் ஒன்று தருகிறேன். நாகூர் ஹனீபாவின் இஸ்லாமியப் பாட்டு முடிந்து முருகன் பாட்டும், அதைத் தொடர்ந்து ஏசுவின் பாட்டும் வந்தால் இன்றைய இளைஞர் ஒருவருக்கு அது விசித்திரமான சேர்க்கை. கைப்பேசியைக் காட்டிச் சிரிப்பார். அகில இந்திய வானொலியின் காலை பக்திப் பாடல்களில் வளர்ந்தவர்களுக்கோ அது வியப்பே இல்லை. மூன்று சமயப் பாட்டுகளும் அடுத்தடுத்து வருவதுதான் அவர்களுடைய விடியற்காலை. அதே மூன்று பாட்டு, அதே வரிசை. ஒருவருக்குத் திருப்பம், இன்னொருவருக்கு வழக்கம்.

வானொலி என்றவுடன் இலங்கையைச் சொல்லாமல் போக முடியாது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை கடல் தாண்டித் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களிலும் உள்நாட்டு ஊர்களிலும் துல்லியமாகக் கேட்ட காலம் அது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்கள் இரண்டு பாட்டுகளுக்கு நடுவில் இருந்த அந்த இரண்டு விநாடியைத் தங்கள் கலையாக்கிக்கொண்டவர்கள். ஒரு பாட்டில் நாயகன் கேள்வி கேட்டு முடிப்பான். அறிவிப்பாளர் ஒரு வரி சொல்வார். அடுத்த படத்தின் பாட்டு அதற்குப் பதிலாக வந்து நிற்கும். இரண்டு படத்துக்கும் பத்து ஆண்டு இடைவெளி இருக்கும், கவிஞர் வேறு, இசையமைப்பாளர் வேறு. 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியிலோ ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குத் தாவுவதே விளையாட்டு. அந்தாதியில் ஊறிய கூட்டம் அல்லவா நாம்! திருவாய்மொழியின் ஆயிரத்துச் சொச்சம் பாசுரங்களையும் ஒன்றின் முடிவில் மற்றதன் தொடக்கத்தைக் கோத்துக் கட்டிய ஊரில், பாட்டு மாறும் இடத்துக்குக் காது தீட்டி வைத்திருப்பது இயல்புதான்.

அடுத்தது கேசட். பட்டியல் எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் பதிவுசெய்து தருவார். அறுபது நிமிடம், தொண்ணூறு நிமிடம் என்று நாடாவின் அளவு. நாம் எழுதிய பாட்டுகள் முடிந்தும் நாடா மிச்சமிருந்தால் தன் ரசனைக்கு ஒன்றைச் சேர்த்துவிடுவார். அது முடிவதற்குள் நாடா முடிந்துவிடும். ஒவ்வொரு வீட்டிலும் இப்படி இரண்டாம் சரணத்தில் அறுந்துபோகும் பாட்டு ஒன்று இருந்தது. அறுந்த இடத்தில் ஒரு 'டக்'. எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். அந்தப் பாட்டை இன்று கைப்பேசியில் கேட்கும்போது அறுபடாமல் சரணம் மேலே போகிறதே, அதுவே ஓர் அதிர்ச்சி. பாட்டு தொடர்வதைக் கண்டு திடுக்கிடும் விசித்திரப் பிறவிகள் நாம்.

காதுக்குள் வரிசை குடியிருப்பது கற்பனையோ ஏக்கமோ அல்ல. 2009இல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பழகிய இசைவட்டின் பாடல்களுக்கு இடையே உள்ள மௌனத்தில் கேட்பவரின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். அடுத்து வரவேண்டிய பாட்டுக்கான ஆயத்தம் அந்த மௌனத்திலேயே மூளையின் முன்பகுதியில் தெரிந்தது. வரிசை பழகாத பாட்டுகளுக்கு அப்படித் தெரியவில்லை. சபையில் அடுத்த பாட்டின் முதல் எழுத்தை வாயில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருக்கும் மாமாவைப் பார்த்திருப்பீர்கள். ஆய்வுக்கூடம் அவரைத்தான் கண்டுபிடித்திருக்கிறது.

சரி, இயந்திரத்தின் பக்கத்தையும் கொஞ்சம் பார்ப்போம். கணக்கு வரும், பயப்பட வேண்டாம்.

சோழர் காலக் குடவோலை முறையை உத்திரமேரூர்க் கல்வெட்டில் படித்திருப்பீர்கள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். உங்கள் கைப்பேசியில் 500 பாட்டுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு, பாட்டுக்கு ஓர் ஓலையாகப் போட்டுக் குலுக்குங்கள். எடுத்த ஓலையை மறுபடி குடத்துக்குள் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தால், 27 பாட்டுகளுக்குள் ஏதோ ஒரு பாட்டு இரண்டாம் முறை வந்துவிடும் வாய்ப்பு பாதிக்கு மேல். 500 பாட்டு இருந்தும் இதே கதையா என்று கோபம் வரும். எடுத்த ஓலையை வெளியே வைத்துவிட்டால் எல்லாப் பாட்டும் ஒருமுறை வந்து தீர்ந்த பிறகுதான் மறுசுற்று. ஷஃபிள் என்று முறையாகச் சொல்ல வேண்டியது இந்த இரண்டாவதைத்தான். இதைப் பாரபட்சமின்றிச் செய்யும் வழியை ரொனால்ட் ஃபிஷர், ஃபிராங்க் யேட்ஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1938இல் அச்சிட்டார்கள். 1964இல் ரிச்சர்ட் டர்ஸ்டன்ஃபெல்ட் அதைக் கணிப்பொறிக்கு ஏற்றபடி சுருக்கினார். பத்தே பாட்டு இருந்தாலும் அவற்றை 36,28,800 விதமாக வரிசைப்படுத்தலாம். ஒவ்வொரு விதத்துக்கும் சம வாய்ப்புத் தர வேண்டும். அதுதான் அந்த முறையின் நேர்மை.

நேர்மையான முறை என்பதாலேயே அது ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. உங்கள் 500 பாட்டில் 50 பாட்டு எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடியவை என்று கொள்வோம். நம் வீடுகளில் இதைவிட அதிகமாகவே இருக்கும். ஒழுங்காகக் கலைத்தாலும் ஒரு சுற்றில் ஏறக்குறைய ஐந்து இடங்களில் எஸ்.பி.பி.க்கு அடுத்து எஸ்.பி.பி.யே வருவார். 500 பாட்டில் பாதி இளையராஜா இசை என்றால் கேட்கவே வேண்டாம்; தொடர்ச்சியாக ஏழெட்டு வருவது சர்வசாதாரணம். கேட்பவர் என்ன நினைக்கிறார்? மெஷின் ஏமாற்றுகிறது, ஒரே ஆளைத் திரும்பத் திரும்பப் போடுகிறது என்று. உண்மையான தற்செயல் கொத்துக் கொத்தாகத்தான் வரும். நம் மனசோ சீராகத் தூவினால்தான் தற்செயல் என்று ஒப்புக்கொள்ளும்.

2005 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐபாட் ஷஃபிள் என்று ஒரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் திரையே கிடையாது. அடுத்து என்ன பாட்டு என்று பார்க்க வழியில்லை. காதில் விழும்போதுதான் தெரியும். அதே ஆண்டில், பாட்டுகள் கொத்தாக வருகின்றன என்ற முறையீட்டுக்குப் பதிலாகத் தற்செயலைக் குறைக்கும் வசதி ஒன்றை ஸ்டீவ் ஜாப்ஸ் அறிமுகப்படுத்தினார். தற்செயலைக் குறைத்தால்தான் தற்செயல்போலத் தோன்றும் என்பது அவர் தந்த விளக்கம். ஸ்பாட்டிஃபை நிறுவனமும் 2014இல் தன் மாற்றத்தை வெளிப்படையாக விளக்கி எழுதியது. ஒரே கலைஞரின் பாட்டுகளைப் பட்டியல் முழுதும் ஏறத்தாழச் சம இடைவெளியில் பரப்பி, ஒவ்வொன்றையும் சற்றே முன்னும் பின்னும் நகர்த்திவிடுவதுதான் அந்த வழி. அடுத்தடுத்து வராமல் பார்த்துக்கொள்ளலாம், கட்டம் போட்டதுபோலவும் இருக்காது.

இதைப் படித்தபோது எனக்கு அகநானூறு நினைவுக்கு வந்தது. நானூறு பாட்டு. 1, 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை. 2, 8 என முடியும் எண்கள் குறிஞ்சி. 4இல் முடிந்தால் முல்லை, 6இல் முடிந்தால் மருதம், பத்தின் மடங்குகள் நெய்தல். பாலை 200, குறிஞ்சி 80, மற்ற மூன்றும் நாற்பது நாற்பது. தொகுத்தவர் மதுரை உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மன். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. வரிசையாகப் படித்துப் பாருங்கள். நானூறு பாட்டில் ஓரிடத்தில்கூட ஒரே திணை அடுத்தடுத்து வராது. பிரிவு, கூடல், பிரிவு, காத்திருப்பு, பிரிவு, ஊடல், பிரிவு, மறுபடி கூடல், பிரிவு, இரங்கல். ஒவ்வொரு பாட்டையும் பாலை வழியாகத்தான் கடந்து போக வேண்டும். பக்கத்திலேயே ஐங்குறுநூறு இருக்கிறது. அங்கே திணைக்கு நூறு, நூறுக்கு ஒரு புலவர்: ஓரம்போகியாரின் மருதம் நூறும் முடிந்த பிறகுதான் அம்மூவனாரின் நெய்தல். ஒரு புலவரின் இசைத்தட்டை முழுதாகக் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிற மாதிரி. இரண்டு தொகுப்பாளர்கள், இரண்டு தீர்மானங்கள். எது சிறந்தது என்று கேட்டால் நான் அகநானூற்றுக் கட்சி. பொறியாளர்கள் பெரும் முறையீட்டுக்குப் பிறகு வந்து சேர்ந்த இடத்தில், உருத்திரசன்மனார் என்றோ பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்.

வேறுபாடும் உண்டு. அகநானூற்று வரிசையில் ஆச்சரியம் குறைவு. இருபது பாட்டு படித்தால் சூத்திரம் பிடிபட்டுவிடும். கைப்பேசியிலும் அதே கதைதான். சீராகத் தூவப்பட்ட பட்டியலில் முட்டல் மோதல் குறையக் குறைய, திருப்பங்களும் குறைந்துபோகின்றன. மூன்று எஸ்.பி.பி. அடுத்தடுத்து வருவது குறையாக இருக்கலாம். மூன்றாவது பாட்டுக்குப் பின் நான்காவதாகத் தியாகராஜ பாகவதர் வந்து நிற்கும்போது கிடைக்கும் அதிர்வு, அந்த மூன்று வந்ததால்தான் கிடைக்கிறது.

இனி காதுக்கு வருவோம். வரிசைப் பழக்கம் எதுவும் வேண்டாத, நேரடியாகக் காதில் அறையும் திருப்பங்களும் உண்டு.

மிகச் சாதாரணமானது ஒலியளவு. பழைய 78 சுழற்சித் தட்டிலிருந்து எடுத்த நாகஸ்வரப் பதிவு ஒன்று, டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டின் கீறல் இரைச்சலுக்கு மேலே நாதம் மிதந்து வருகிறது. சரியாகக் கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டி வைத்திருக்கிறோம். மூன்று நிமிடத்தில் தட்டு முடிந்துவிடும். அடுத்து வருவது அண்மைக்காலப் படப்பாட்டு. முதல் அடி விழுந்ததும் காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கி எறிகிறோம். பக்கத்து இருக்கைக்காரர் முறைக்கிறார். இதில் இசையும் இல்லை, ரசனையும் இல்லை. இரண்டு காலத்துப் பதிவு அளவுகளின் மோதல். ஒலியளவைச் சமன்செய்யும் வசதி பெரும்பாலான செயலிகளில் இருக்கிறது. அதை மட்டும் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள். காதுக்கு ஆகாத ஆச்சரியம் நமக்கு வேண்டாம்.

சுருதித் திருப்பம் அப்படியல்ல. அங்கேதான் தங்க வேண்டும். கச்சேரியில் தம்பூரா ஒரே சுருதியில் மூன்று மணி நேரம் நிற்கிறது. ராகம் மாறும், தாளம் மாறும், ஸட்ஜம் மாறாது. ஷஃபிளில் ஒவ்வொரு பாட்டும் தன் ஸட்ஜத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது. பெரும்பாலும் அது சின்னத் தடுமாற்றமாகத் தெரியும், அவ்வளவுதான். எப்போதாவது அற்புதம் நடக்கும். ஒரு கட்டைச் சுருதியில் ஒருவர் மோகனம் பாடி முடிக்கிறார். அடுத்து, மூன்று கட்டைச் சுருதியில் புல்லாங்குழலில் ஹிந்தோளம். ஆர்மோனியத்தில் விரல் வைத்துப் பாருங்கள், இரண்டுக்கும் அதே ஐந்து கட்டைகள்தான். மோகனத்தின் காந்தாரம் எழுந்து வந்து ஹிந்தோளத்தின் ஸட்ஜமாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஸ்வரமும் மாறவில்லை, ஆனால் வீட்டுக்காரர் மாறிவிட்டார். பளபளவென்று இருந்த ராகம் சட்டென உள்ளுக்குள் திரும்பிக்கொள்கிறது. முதல் சில விநாடி, முந்தைய பாட்டே தொடர்கிறது என்றுதான் காது நினைக்கும். கிரக பேதம் என்று வித்வான்கள் மேடையில் வித்தையாகச் செய்து கைதட்டு வாங்குவது இதைத்தான். மோகனத்தின் ரிஷபத்தில் நின்றால் மத்யமாவதி, பஞ்சமத்தில் நின்றால் சுத்த சாவேரி, தைவதத்தில் நின்றால் சுத்த தன்யாசி. கைப்பேசி இதைத் தெரியாமல் செய்கிறது. தெரியாமல் செய்தால் என்ன, கேட்கிறவருக்குக் கிடைத்தது கிடைத்ததுதான்.

தெரிந்து செய்வதற்கு நம்மிடையே நல்ல சான்று உண்டு. 1985இல் கே. பாலசந்தரின் 'சிந்து பைரவி'. அதில் சித்ரா பாடும் 'பாடறியேன் படிப்பறியேன்' நாட்டுப்புற மெட்டாகத் தொடங்கி, தியாகராஜரின் 'மரி மரி நின்னே' கிருதிக்குள் போய் நுழைகிறது. காம்போதியில் பாடப்படும் அந்தக் கிருதியை இளையராஜா சாரமதியில் அமைத்துக்கொண்டார். இரண்டும் ஒரே ராகத்தில் நிற்பதால், ஏளனத்தோடு கேட்டுக்கொண்டிருந்த சபைக்கு எந்த இடத்தில் தரை மாறியது என்றே தெரிவதில்லை. தெரியும்போது காலம் கடந்துவிட்டது. சித்ராவுக்குத் தேசிய விருது கிடைத்த பாட்டு. திருப்பத்தை எதிர்பாராததாக வைக்க வேண்டும், ஆனால் அடியில் ஓர் ஒட்டு இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. ஷஃபிளில் நம் மனசுக்குப் பிடித்துப்போகும் சேர்க்கைகளைத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் அப்படி ஓர் ஒட்டு கிடைக்கும். ஒரே சுருதி, ஒரே நடை, முந்தைய பாட்டை முடித்த வாத்தியமே அடுத்ததைத் தொடங்குவது, இப்படி ஏதாவது.

ஒட்டே இல்லாமல் வெட்டுவதையும் நாம் அறியாதவர்கள் அல்ல. கல்யாண மண்டபத்தில் நாகஸ்வரக்காரர் நிதானமாக ஒரு கீர்த்தனையை வாசித்துக்கொண்டிருக்கிறார். அனுபல்லவியின் நடுவில் இருக்கிறார். மணையிலிருந்து சாஸ்திரிகள் கையை உயர்த்தி விரலை ஆட்டுகிறார். 'கெட்டிமேளம், கெட்டிமேளம்!' அவ்வளவுதான். வாசித்துக்கொண்டிருந்த சங்கதி பாதியில் நிற்க, தவில் இரண்டும் பேரிரைச்சலாக எழுகின்றன. எந்த ராகம், எந்த அடி, தாளத்தில் எந்த இடம் என்ற கேள்விக்கே இடமில்லை. முகூர்த்தம் சொல்கிறது, பாட்டு விலகுகிறது. பந்தியிலிருந்து இலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து அட்சதை போட ஓடி வருகிறார்கள். இசையை இவ்வளவு முரட்டுத்தனமாக அறுக்கும் இடம் வேறு இல்லை. யாருக்கும் அது குறையாகப் பட்டதும் இல்லை. எதற்காக அறுக்கிறது என்பது மண்டபத்தில் எல்லாருக்கும் தெரிந்திருப்பதால்தான்.

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சினிமாவின் தொடக்க காலத்தில் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு சோதனை செய்தார். நடிகர் ஒருவரின் சலனமற்ற முகத்தைக் காட்டி, அதோடு ஒருமுறை சூப்புக் கிண்ணம், ஒருமுறை சவப்பெட்டி, ஒருமுறை ஒரு பெண் என்று ஒட்டினார். பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்கள். பாட்டுக்கும் இது பொருந்தும். ஒப்பாரிச் சாயலில் ஒரு பாட்டைக் கேட்டபின் வரும் தாலாட்டு, தாலாட்டாக மட்டும் இருப்பதில்லை. வழக்கமாகக் கேட்டு அலுத்த பாட்டு ஒன்று, பொருத்தமில்லாத அண்டை வீட்டுக்காரரால் புதிதாகிவிடும். 500 பாட்டுக்கு 2,49,500 அண்டை வாய்ப்புகள் இருக்கின்றன. அதாவது, உங்கள் பழைய பாட்டுகள் இன்னும் தீரவில்லை.

இப்போது என் குறையைச் சொல்லி முடிக்கிறேன். அண்மைக்காலச் செயலிகள் இந்த இரண்டு விநாடியை ஒழித்துவிடப் பார்க்கின்றன. ஒரு பாட்டு கரையும்போதே அடுத்ததைக் கலந்துவிடுகிறார்கள். ஸ்பாட்டிஃபையில் அதைப் பன்னிரண்டு விநாடி வரை நீட்டலாம். நம் பட்டியல் முடிந்ததும் அதே நடை, அதே மனநிலை, அதே காலம் என்று ஒத்த பாட்டுகளாகத் தேடிப் போட்டுக்கொண்டே போகிறார்கள். மழைக்கு ஒரு பட்டியல், பயணத்துக்கு ஒரு பட்டியல், தூக்கத்துக்கு ஒன்று. எங்கும் மேடு பள்ளம் இல்லை. காலையில் ஒரு மெல்லிசைக்குள் இறங்கினால் மாலையில் அதே மெல்லிசையிலேயே எழுந்து வருகிறோம். நடுவில் என்ன கேட்டோம் என்று ஒரு பாட்டின் பெயரும் நினைவில் இருப்பதில்லை. எனக்கு இது ஷஃபிளைவிட நூறு மடங்கு மோசம். ஷஃபிள் நம் வரிசையைக் கலைத்தது, உண்மை. இந்தப் பட்டியல்கள் நமக்கு வரிசையே தேவையில்லை என்கின்றன.

எதிர்த்திசையில் ஒரு குரலும் எழுந்தது. 2021 நவம்பரில் பிரிட்டிஷ் பாடகி அடெல் தம் புதிய ஆல்பத்தை வெளியிட்டபோது, ஆல்பங்களை அழுத்தியவுடன் கலைத்துப் பாடும் ஏற்பாட்டை எடுத்துவிடும்படி கேட்டார். ஸ்பாட்டிஃபையும் இசைந்தது. பாடகர் யோசித்து அடுக்கிய வரிசையில்தான் பாட்டுகள் இப்போது முதலில் ஒலிக்கின்றன. கலைத்துக் கேட்க விரும்பினால் கலைத்துக்கொள்ளலாம். எனக்கு இந்த ஏற்பாடு முழுச் சம்மதம்.

ஆகவே உங்களிடம் ஒரு விண்ணப்பம். வீட்டுக்குப் போனதும் கைப்பேசியில் பாட்டோடு பாட்டைக் கலந்துவிடும் அந்த வசதியைப் பூஜ்ஜியத்தில் வையுங்கள். பட்டியல் முடிந்தபின் தானாகப் பாட்டு சேர்ப்பதை அணைத்துவிடுங்கள். கச்சேரி, சினிமா, கானா, பக்தி என்று பிரித்து வைத்திருப்பவற்றையெல்லாம் ஒரே பட்டியலில் கொட்டி ஒருநாள் ஷஃபிளில் ஓடவிடுங்கள். ஆனால் வீட்டில் பிள்ளைகள் இருந்தால், அதற்கு முன்னால் ஒரு முழுக் கச்சேரியையோ ஒரு படத்தின் எல்லாப் பாட்டுகளையுமோ வரிசை மாறாமல் பலமுறை அவர்கள் காதில் விழச் செய்யுங்கள். மங்களம் எங்கே வரவேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்த பிறகு அந்தப் பொத்தானைக் கையில் கொடுங்கள்.